குங்ஃபூவா, ஒகினாவா கராத்தேயா? வாய்க்கால் கரையில் தனியே நடக்கும் ஒரு தங்கைக்கு

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 36. கணவர் சவுதியில் இருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனோடும் மாமியாரோடும், நகரத்தை ஒட்டி முளைத்த ஒரு புது நகரில் வீடு. கடை அடைக்க இரவு ஒன்பதரை ஆகிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவிளக்கு பாதி எரியாத வாய்க்கால் கரை வழியாக அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு பாதைத் தகராறு ஒன்று இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய மச்சினன் குடித்துவிட்டு அந்தக் கரையில் நின்று கண்டபடி பேசுவானாம். போன மாதம் வழிமறித்துக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். எதிரே ஒரு பைக் வெளிச்சம் வந்ததும் விட்டுவிட்டான். அன்றிலிருந்து இவர் கைப்பையில் பழம் வெட்டும் கத்தி ஒன்று வைத்திருக்கிறார்.

தற்காப்புக் கலை பழகலாம் என்று முடிவெடுத்து இரண்டு வகுப்புகளுக்குப் போய் விசாரித்திருக்கிறார். ஒன்று, கல்யாண மண்டப மொட்டை மாடியில் நடக்கும் குங்ஃபூ வகுப்பு. இன்னொன்று, பள்ளி மைதானத்தில் ஞாயிறு காலை நடக்கும் ஒகினாவா முறை கராத்தே. "கராத்தே என்பதே குங்ஃபூவைப் பார்த்து அடித்த பாதி காப்பி" என்றாராம் முதல் மாஸ்டர். "குங்ஃபூ பார்க்க அழகு, தெருவில் நிற்காது" என்றாராம் இரண்டாமவர். துபாயில் இருக்கும் தம்பியோ, "போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோன நம்ம கலை அது, குங்ஃபூவே படி" என்கிறாராம்.

அவருடைய கேள்விகள்: இரண்டில் எது எனக்கு உதவும்? அவன் முதலில் அடித்தால்தான் நான் திருப்பி அடிக்கலாமா? குடிபோதையில் இருப்பவனை அடித்தால் கேஸ் என் மேல் திரும்புமா? கறுப்பு பெல்ட் வாங்கினால் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்கிறார்களே, நிஜமா? மகனை எதில் சேர்ப்பது? கடைசியாக ஒரு வரி: "கையைத்தானே அக்கா பிடிச்சான், இதுக்கெல்லாம் கேஸ் நிக்குமா?"

அன்புத் தங்கைக்கு,

நான் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல். கல்லூரிக் காலத்தில் சில வருடம் கோஜு-ரியூ என்ற ஒகினாவா கராத்தே பழகியவள். கறுப்பு பெல்ட் வரைக்கும் போகவில்லை. ஆகவே கராத்தே பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும், அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். "கையைத்தானே" என்று நீங்களே அதைச் சின்னதாக்க வேண்டாம். ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கத்தோடு பலப்பிரயோகம் செய்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவின்படி ஓராண்டுக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை போகக்கூடிய சிறைத் தண்டனை உண்டு. ஜாமீனில் விட முடியாத குற்றம் அது. நோக்கம் என்ன என்பதை அவன் பேசிய பேச்சு, இடம், நேரம் எல்லாவற்றையும் வைத்துத்தான் கோர்ட் பார்க்கும். அதனால்தான் அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள் என்கிறேன். வழிமறித்தது 126ஆம் பிரிவில் தனியாக ஒரு குற்றம். இதற்குப் புகார் கொடுப்பது பற்றிப் பின்னால் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட சண்டைக் கலை.

இரண்டு மாஸ்டர்களும் சொன்ன பாதி உண்மை

காப்பி என்று முதல் மாஸ்டர் சொன்னதில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. இன்றைக்கு ஜப்பானில் இருக்கும் ஒகினாவா அந்தக் காலத்தில் ரியூக்கியு என்ற தனி ராஜ்ஜியம். சீனாவோடு கடல் வணிகம் செய்து பிழைத்த தீவு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஃபூஜியன் மாகாணத்துச் சீனக் குடும்பங்கள் நாஹா துறைமுகத்தை ஒட்டிக் குடியேறிவிட்டன. பின்னால் ஹிகவோன்னா கன்ரியோ என்பவர் ஃபூஜியனின் ஃபூச்சோவ் நகரத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். அவருடைய சீடர் மியாகி சோஜுன்தான் கோஜு-ரியூவை உருவாக்கியவர். உவேச்சி கன்பூன் 1897இல் அதே ஃபூச்சோவுக்குப் போய், பதின்மூன்று வருடம் கழித்துத் திரும்பினார். உவேச்சி-ரியூ அவர் வழி வந்தது. இந்த இரண்டு பள்ளிகளுக்கும் அடிப்படையான சான்ச்சின் என்ற பயிற்சிக்கு, ஃபூஜியன் வெள்ளைக் கொக்கு குங்ஃபூவில் நேரடி உறவுக்காரப் பயிற்சி இன்றைக்கும் இருக்கிறது. அப்படியானால் காப்பியா? இல்லை. ஷூரி, தொமாரி ஊர்களில் ஏற்கெனவே இருந்த உள்ளூர் அடிமுறையோடு கலந்து, அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் தேவைக்கு வெட்டிச் சுருக்கிக்கொண்ட கலை அது. படிக்க வேண்டிய கட்டுகள், அதாவது வரிசை மாறாமல் செய்யும் அடி-தடுப்பு அசைவுத் தொகுப்புகள், குறைவு. ஒரே கட்டைப் பத்து வருடம் தோண்டுவார்கள்.

இரண்டாவது மாஸ்டர் சொன்னதிலும் பாதிதான் உண்மை. 1950களுக்குப் பிறகு சீன அரசு ஒழுங்குபடுத்திய மேடை வூஷு, தாவலும் சுழலுமாக மதிப்பெண்ணுக்காகச் செய்யும் விளையாட்டு. அதை மட்டும் பார்த்துவிட்டு நடனம் என்கிறார் அவர். ஆனால் குங்ஃபூ என்பது நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பொதுப்பெயர். வடக்கே எட்டி அடிவைக்கும் முறைகள்; தெற்கே கைக்கெட்டும் தூரத்தில் நின்று கையாலேயே வேலையை முடிக்கும் விங் சுன், வெள்ளைக் கொக்கு போன்றவை. புரூஸ் லீ சின்ன வயதில் ஹாங்காங்கில் இப் மேனிடம் படித்தது விங் சுன். சான்டா என்று ஒரு பிரிவு இருக்கிறது. உறை மாட்டிக்கொண்டு நிஜமாகவே மோதுகிற சண்டை விளையாட்டு. சான்டா ஆளைப் போய் நடனக்காரர் என்று சொல்லிப் பார்க்கட்டும்!

கராத்தேயும் ஒன்றல்ல என்பதை அவர் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. இதோசு அன்கோ என்ற ஆசிரியர் 1900களின் தொடக்கத்தில் ஒகினாவா பள்ளிக்கூடங்களுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எண்ணிக்கை சொல்லிச் செய்ய வைக்க ஏற்றபடி அது எளிமையானது. 1922இல் ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவுக்குப் போய்க் காட்டினார். அங்கே பல்கலைக்கழகங்களில் வளர்ந்து, நீண்ட நிலையும் தூர அடியும் எட்டி உதைப்பதுமாக வேறு உருவம் எடுத்தது. பழைய ஒகினாவா முறையில் நிலை உயரமாக இருக்கும், உதை இடுப்புக்கு மேல் அதிகம் போகாது, பிடிப்பதும் முறுக்குவதும் தள்ளுவதும் நிறைய வரும். போர்டில் ஒகினாவா என்று எழுதிவிட்டு உள்ளே போட்டிக்கான தூரப் புள்ளிச் சண்டையை மட்டும் சொல்லிக் கொடுக்கிற இடங்கள் உண்டு. போர்டை நம்ப வேண்டாம்.

தம்பி சொன்ன போதிதர்மர் கதை: அவர் தென்னிந்திய அரசகுமாரர் என்று சீன பௌத்த மரபு சொல்வது உண்மை. அதைவிடப் பழைய, 547ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட ஒரு சீனக் குறிப்பு, மேற்கே பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. ஷாவோலினில் சண்டை சொல்லிக் கொடுத்தார் என்ற கதை, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தி, 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து கிளம்பியது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. நம் கலைதான் வேண்டும் என்றால் தம்பி காஞ்சிபுரம் வரை போக வேண்டியதில்லை. கோயில் கொடைக்கு கொடை நம் கிராமங்களில் சிலம்பம் ஆடுகிறார்களே, அதுவே போதும். கையில் குடை இருந்தால் அதை எப்படிப் பிடிப்பது என்று ஒரு நல்ல சிலம்ப ஆசான் ஒரே நாளில் காட்டிவிடுவார்.

எது உங்களுக்கு உதவும்

உங்கள் ஆபத்து எந்தத் தூரத்தில் வருகிறது என்று பாருங்கள். குடித்த ஆள், கைக்கெட்டும் தூரத்தில், மணிக்கட்டைப் பிடிக்கிறான். நீங்கள் சுடிதாரும் துப்பட்டாவுமாக, தோளில் பையோடு, செருப்புக் காலில் நிற்கிறீர்கள். கீழே ஜல்லியும் மண்ணும். இங்கே தலைக்கு உதைக்கும் எந்தக் கலையும் உதவாது. கிட்டத்து வேலை தெரிந்த கலைதான் வேண்டும். அப்படிப் பார்த்தால் தெற்குச் சீனக் குங்ஃபூவும் ஒகினாவா கராத்தேயும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. விங் சுன்னில் இருவர் முன்கைகளை ஒட்டிவைத்து, எதிராளியின் அழுத்தத்தைத் தோலால் உணர்ந்து பழகும் ச்சி சாவ் என்ற பயிற்சி இருக்கிறது. கோஜு-ரியூவில் காகியே. பெயர் வேறு, முறையில் கொஞ்சம் வித்தியாசம், சொல்லிக் கொடுக்கிற விஷயம் ஒன்றுதான்: பிடித்தவன் எந்தப் பக்கம் இழுக்கிறான் என்று கண்ணை நம்பாமல் கையே தெரிந்துகொள்வது.

வித்தியாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கராத்தேயில் பாடத்திட்டம் படிப்படியாக இருக்கும்; ஆறு மாதத்தில் ஒரு ஆளுக்கு நேராக நிற்கவும், இடுப்பைச் சேர்த்து ஒரு குத்து விடவும், கத்திக் குரல் எழுப்பவும் வந்துவிடும். குரல் எழுப்புவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வாய்க்கால் கரையில் முதலில் வேலை செய்யப்போவது அதுதான். குங்ஃபூவில் நல்ல ஆசான் கிடைத்தால் கை மென்மையாகவும் வேகமாகவும் பழகும், எதிராளியின் பலத்தை எதிர்க்காமல் வழிமாற்றிவிடத் தெரியும். உங்களைவிட கனமான ஆளுக்கு அது பொருத்தம். ஆனால் பல பள்ளிகளில் அந்த இடத்துக்கு வரும் முன் வருடக்கணக்கில் கட்டுகள் பழக வேண்டியிருக்கும். உங்களுக்கோ வாரத்தில் ஒரு ஞாயிறு காலைதான் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017இல் சீனாவின் செங்டூவில் ஷு ஷியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை வீரர், தாய்ச்சி என்ற பாரம்பரியச் சீனக் கலையின் ஆசான் ஒருவரைச் சில நொடிகளில் கீழே சாய்த்தார். உடனே பாரம்பரியக் கலையே பொய் என்று ஒரு கூட்டம் குதித்தது. எனக்கு அதில் தெரிந்தது வேறு. முகத்துக்கு நேரே நிஜமாக அடிக்கும் ஆளோடு ஒருநாளும் பழகாதவர், எந்தக் கலையில் எத்தனை வருடம் இருந்தாலும், முதல் அடியில் திகைத்துப் போவார். கராத்தே ஆசானை அங்கே நிறுத்தியிருந்தாலும், அவர் காற்றில் மட்டுமே குத்திப் பழகியவராக இருந்தால் இதேதான் நடந்திருக்கும்.

ஆகவே சேர்வதற்கு முன் இரண்டு இடத்திலும் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "ஒருவர் என் கையை நிஜமாகவே இறுக்கிப் பிடித்து விடாமல் இழுத்தால் என்ன செய்வது, இந்த அக்காவோடு செய்து காட்டுங்கள்." தொட்டதும் சீடர் தானே கீழே விழுந்தால் அந்த வகுப்பு வேண்டாம். பிடித்தவர் முரண்டு பிடிக்க, முதல் முறை விடுபடாமல், இரண்டாவது வழியில் விடுபட்டால் அது வகுப்பு. பெண்கள் எத்தனை பேர் பழகுகிறார்கள், ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிறார்களா என்றும் கேளுங்கள். செருப்போடும் துப்பட்டாவோடும் ஒருநாளாவது பழக விடுவார்களா என்று கேளுங்கள். கராத்தேக்காரர்கள் வெறுங்காலில் பழகுவார்கள், குங்ஃபூவில் பெரும்பாலும் காலணி உண்டு. முதல் மூன்று மாதத்தில் கறுப்பு பெல்ட் பேச்செடுக்கும் இடத்துக்கும், கழுத்தில் ஒரே தட்டில் ஆளை மயக்கும் வர்மம் சொல்லித் தருகிறேன் என்கிற இடத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் அபிப்பிராயம்: ஞாயிறு காலை என்ற ஒரே காரணத்துக்காக முதலில் கராத்தே வகுப்பைப் போய்ப் பாருங்கள். அங்கே இருவர் இருவராகப் பிடித்து இழுத்துப் பழகுவது இல்லையென்றால் தயங்காமல் மொட்டை மாடிக்குப் போங்கள். லேசாக பிபி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சான்ச்சின் பயிற்சியில் உடம்பு முழுவதையும் இறுக்கி மூச்சை அழுத்தி விட வேண்டும். அப்போது ரத்த அழுத்தம் ஏறும். டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. அரிவாளுக்கு முன்னால் இந்த இரண்டு கலையும் வெறுங்கைதான். கத்தியைத் தட்டிப் பறிக்கும் வித்தை வகுப்பில் ரப்பர் கத்தியோடு அழகாக வரும். எவன் கையிலாவது இரும்பு தெரிந்தால் ஓட வேண்டும், வெளிச்சம் உள்ள பக்கமாக, சத்தம் போட்டுக்கொண்டு. பையைக் கேட்டால் பையைத் தூரமாக வீசிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

அடித்தால் கேஸ் வருமா

அவன் முதலில் அடித்த பிறகுதான் நீங்கள் கை ஓங்கலாம் என்பது தப்பு. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்ததுதான். 40ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், தாக்கப் போகிறான் என்ற நியாயமான அச்சம் எப்போது எழுகிறதோ அப்போதே உரிமை தொடங்கிவிடுகிறது. "கராத்தேயில் முதல் அடி கிடையாது" என்று ஃபுனகோஷியின் வாசகம் ஒன்றை வகுப்பில் சொல்வார்கள். வம்புக்குப் போகாதே என்ற அளவில் அது நல்ல பாடம். சட்டம் அதற்காக உங்களை அடி வாங்கும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

குடிபோதைக் கேள்விக்கு 36ஆம் பிரிவில் நேரான பதில் இருக்கிறது. போதையில் இருப்பவனோ மனநிலை சரியில்லாதவனோ தாக்கினால், அவன் செய்தது குற்றமாகாது என்று சட்டம் விட்டாலும்கூட, உங்கள் தற்காப்பு உரிமை அப்படியே இருக்கும். ஓடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாக்கப்படுகிறவர் கோழையாக நடந்துகொள்ள வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓட முடிந்தால் ஓடுங்கள் என்று நான் சொல்வது உங்கள் உடம்பை நினைத்து. சட்டத்தை நினைத்து அல்ல.

ஆனால் 37ஆம் பிரிவை இரண்டு தடவை வாசியுங்கள். காவல்துறை உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் காயப்படுத்தவும் உரிமை இல்லை. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பாலியல் வன்கொடுமைக்கோ, கடத்தலுக்கோ, ஆசிட் வீச்சுக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட உரிமை நீளும் என்கிறது 38. வெறுமனே கையைப் பிடித்தவன் விஷயத்தில் அது அவ்வளவு தூரம் நீளாது. பயத்தில் இருப்பவர் தராசு வைத்து நிறுத்து அடிக்க முடியாது என்பதைக் கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் கூடிவிட்டால் அதற்காகத் தண்டிப்பதில்லை.

நான் நடத்திய வழக்குகளில் பலர் மாட்டிக்கொண்டது முதல் அடியால் அல்ல, ஆபத்து போன பிறகு விழுந்த அடியால். பிடித்தவன் கையை விட்டான், பின்வாங்கினான், கீழே விழுந்தான் என்றால் அந்த நொடியோடு உங்கள் உரிமை முடிந்தது. விழுந்தவனை மிதித்தால், அந்த மிதியிலிருந்து நீங்கள் தாக்குகிறவர். பல்லோ எலும்போ போனால் 116ஆம் பிரிவின்படி அது கொடுங்காயம். வேண்டுமென்றே செய்ததாக நிரூபணமானால் 117இன்படி ஏழாண்டு வரை தண்டனை வரலாம். பல கராத்தே, குங்ஃபூ கட்டுகளில் எதிராளி விழுந்த பிறகும் கீழே ஒரு குத்து விடுவதாக வரும். மனப்பாடமாகக் கை அதையும் செய்துவிடும். மாஸ்டரிடம் சொல்லி, விடுபட்டதும் இரண்டு எட்டு பின்னால் போய்க் கையை முன்னால் காட்டி "கிட்ட வராதே" என்று கத்துவதோடு முடிக்கப் பழகுங்கள். அதைக் கேட்கிற ஆள் ஒருவராவது இருந்தால் பின்னால் உங்களுக்குச் சாட்சி.

ஏனென்றால் கவுன்ட்டர் கேஸ் வரும். நம் ஊரில் அது இல்லாமல் இருக்காது. அவன் நேராக ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் "பாதைத் தகராறில் அடித்தாள்" என்று எழுதிவைத்துவிட்டு வருவான். நீங்கள் உங்களுக்குக் காயம் சின்னது என்று வீட்டில் மஞ்சள் வைத்துக்கொண்டு படுத்துவிடக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் காயப் பதிவேடு) பதிய வையுங்கள், மணிக்கட்டு சிவந்திருந்தால் போட்டோ எடுங்கள், அன்றைக்கே ஸ்டேஷனில் எழுத்தில் கொடுங்கள். தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்பதைக் காட்டும் பொறுப்பு, சாட்சியச் சட்டத்தின்படி அப்படிச் சொல்கிறவர் மேல். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்குத்தான் இந்தக் காகிதங்கள்.

கத்தியைப் பையிலிருந்து எடுத்து அடுக்களையில் வையுங்கள். இருட்டில் தேடி எடுப்பதற்குள் அவன் கைக்குப் போய்விடலாம். நீங்கள் அதைப் பயன்படுத்திவிட்டால் 118ஆம் பிரிவு வந்து உட்காரும், அதில் கொடுங்காயத்துக்கு ஆயுள் வரை தண்டனை இருக்கிறது. "ஏன் கத்தியோடு போனாய்?" என்ற ஒரு குறுக்குக் கேள்வியே உங்கள் தற்காப்புக் கதையைச் சாய்த்துவிடும். பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளலாம், லைசென்ஸ் தேவையில்லை. காற்று அடிக்கும் திசையைப் பார்த்து அடிக்கப் பழகுங்கள்.

கறுப்பு பெல்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும்

அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. கராத்தே பழகியவரின் கை ஆயுதம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மட்டும் "பயிற்சி பெற்றவர், எங்கே அடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே அடித்தார்" என்று வாதாடுவார். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பையனுக்கு

அவனுக்குப் பிடித்ததில் விடுங்கள். பதின்மூன்று வயதில் கூட்டாளி எங்கே போகிறானோ அங்கேதான் பிள்ளை தொடர்ந்து போவான். மாக்கிவாரா என்று கயிறு சுற்றிய கட்டையில் குத்திக் கைமுட்டியைக் காய்ப்பாக்கும் பயிற்சி கராத்தேயில் உண்டு, குங்ஃபூவிலும் மணல்பை குத்துவது உண்டு. எலும்பு வளரும் வயதில் அது வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்காக அந்த ஆளை ஒருநாள் கவனித்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் லேசாக விடாதீர்கள். போலீஸ் வேலைக்கு ஆசைப்படும் பிள்ளை என்கிறீர்கள். பெரியவனான பிறகும் இந்த நினைப்போடு இருந்து ஒரு அடிதடி கேஸில் பேர் ஏறிவிட்டால், பின்னால் நடத்தை சரிபார்ப்பில் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிவரும். இதை அவனிடம் நேராகவே சொல்லலாம், புரிந்துகொள்ளும் வயதுதான்.

வகுப்பில் சேர்வதற்கு முன்

ஒரு வருடம் பழகினால்தான் கை பேசும். அந்த மச்சினன் நாளைக்கே கரையில் நிற்பான். எனவே புகாரை இந்த வாரமே கொடுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். 74ஆம் பிரிவுப் புகாரைப் பெண் காவலர்தான் உங்களிடம் கேட்டுப் பதிய வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். பேசி முடிக்கலாம் என்று யாராவது இரண்டு பெரியவர்கள் வருவார்கள். பேசட்டும், ஆனால் புகார் கொடுத்த பிறகு பேசட்டும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

உங்கள் கடை முதலாளியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்த தமிழக அரசாணையில், இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைக்க அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதமும், பாதுகாப்பும், போக்குவரத்து ஏற்பாடும் நிபந்தனைகளாக இருக்கின்றன. உங்கள் கடையில் எத்தனை பேர் என்று எழுதவில்லை. குறைவாக இருந்தாலும், இரவு எட்டு மணிக்குள் முடியும் ஷிப்ட் கேட்பதில் தப்பில்லை. தெருவிளக்குக்கு மாநகராட்சியில் தனியாக ஒரு மனு, நகரில் பத்துப் பேர் கையெழுத்தோடு.

பாதைத் தகராறை இந்தப் புகாரில் எழுத வேண்டாம். அது சிவில் விஷயம். இரண்டையும் கலந்து எழுதினால் "இடத்துக்காகப் போட்ட பொய்க் கேஸ்" என்று அவன் தரப்பு சொல்ல வசதியாகிவிடும். கேட்டால் மறைக்கவும் வேண்டாம், இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தகராறு பற்றித் தனிக் கடிதம் எழுதுங்கள். பட்டா, பத்திர நகல், சர்வேயர் தரும் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடம் மூன்றின் ஜெராக்ஸும் இருந்தால்தான் என்னால் ஏதாவது சொல்ல முடியும்.